நாலு பேரும் ஜெயிக்க உட்காரும் ராத்திரி: வீட்டில் கட்டான் ஆட்டம் நடத்துவது எப்படி

நாலு பேர், நாலு பேருக்கும் ஜெயித்தே ஆக வேண்டும், ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பத்தரை வரை யாரும் போனைத் தொடக் கூடாது, ஆனால் எழுந்து போகும்போது ஒருத்தர் முகமும் தொங்கிப்போயிருக்கக் கூடாது, அடுத்த மாதமும் அதே நாலு பேர் வர வேண்டும். இப்படி ஒரு ராத்திரியை உங்கள் வீட்டில் நடத்துவது எப்படி என்றுதான் எழுதப்போகிறேன். ஆறு வருஷமாக மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் இது நடக்கிறது. இத்தனை ஆட்டம் பார்த்ததில் எனக்குப் புரிந்தது என்னவென்றால், தோற்ற வருத்தம் அரை மணி நேரத்தில் போய்விடும். விதியைச் சரியாகச் சொல்லாததால் தோற்றேன், எல்லாரும் சேர்ந்துகொண்டு என்னை ஒதுக்கினார்கள், ஒன்பது மணிக்கே என் ஆட்டம் முடிந்துவிட்டது, அப்புறம் ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்திருந்தேன் என்று தோன்றிவிட்டால் அது மட்டும் போகாது. அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக முன்கூட்டியே எடுத்துவிடுவதுதான் ஆட்டத்தைக் கூட்டுகிறவரின் வேலை.

நாங்கள் ஆடுவது கட்டான் என்ற போர்டு கேம். ஜெர்மனியில் பல் செட் செய்யும் டெக்னீஷியனாக இருந்த கிளாவுஸ் டாய்பர் உருவாக்கி 1995இல் வெளிவந்தது. அதே வருஷம் அந்த நாட்டில் ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்குத் தரும் ஷ்பீல் டெஸ் யாரெஸ் விருதையும் வாங்கியது. சின்ன வயசில் நாம் ஆடிய பிசினஸ் ஆட்டத்தில் திவாலானவர் எழுந்து போய் டிவி பார்ப்பார். இதில் கடைசி நிமிஷம் வரை யாரும் வெளியேறுவதில்லை, அடுத்தவர் உருட்டும் பகடையிலும் உங்களுக்குச் சரக்கு வரும், அடுத்தவர் முறையிலும் நீங்கள் பேரம் பேசலாம். அதனால்தான் இத்தனை வருஷமாக இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக: 19 அறுகோணத் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு தீவு. காட்டில் மரம், மேய்ச்சல் நிலத்தில் ஆடு, வயலில் கோதுமை, மேட்டில் செங்கல், மலையில் தாது. ஒரே ஒரு துண்டு பாலைவனம், அதில் ஒன்றும் கிடைக்காது. மற்ற ஒவ்வொரு துண்டின் மேலும் ஓர் எண் இருக்கும். இரண்டு பகடையின் கூட்டுத்தொகை அந்த எண் வந்தால், அந்தத் துண்டின் முனை ஒன்றில் வீடு வைத்திருப்பவர் அந்தச் சரக்கை எடுத்துக்கொள்ளலாம். சேர்த்ததை வைத்து ரோடு போட்டு, வீடு கட்டி, வீட்டைச் சிட்டியாக்கி, முதலில் 10 பாயிண்ட் எடுப்பவர் ஜெயித்தார்.

ஆளும் இடமும்

அடிப்படைப் பெட்டி மூன்று அல்லது நாலு பேருக்கு. நாலு பேர்தான் சரியான எண்ணிக்கை. மூன்று பேர் ஆடினால் இடம் தாராளமாகக் கிடைத்துவிடும், இடிபாடு இருக்காது, இடிபாடு இல்லாவிட்டால் ருசியும் இல்லை. ஐந்து, ஆறு பேருக்கென்று கூடுதல் பெட்டி தனியாக விற்கிறார்கள், ஆனால் ஒருத்தர் முறை வந்து சேர ரொம்ப நேரம் ஆகிறது. ஐந்தாவது ஆள் வந்துவிட்டால் நான் கட்டானை மூடி வைத்துவிட்டு டிக்கெட் டு ரைட் எடுத்துவிடுவேன், அது ஐந்து பேர் வரை ஆடலாம். சீக்கிரம் வந்துவிட்ட இரண்டு பேருக்கு ஒரு ஆடு புலி ஆட்டம் போட்டுக்கொடுங்கள். தரையில் சாக்பீஸால் 23 புள்ளிக் கட்டம், 3 புலி, 15 ஆடு, மற்றவர்கள் வருவதற்குள் ஒரு ரவுண்டு முடியும், மூளையும் சூடாகிவிடும்.

மேசை விஷயத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது பழைய கேரம் போர்டு. சின்ன டைனிங் டேபிள் மேல் அதைப் போட்டால் தீவு முழுக்க உள்ளே அடங்கும், நாலு பக்கமும் கட்டை இருப்பதால் எதுவும் கீழே உருளாது. பகடைக்குத் தனியாக ஒரு செருப்புப் பெட்டி மூடி வைத்திருக்கிறோம். மூடிக்குள் விழுந்தால்தான் கணக்கு, வெளியே போனாலோ சாய்ந்து நின்றாலோ மறுபடி உருட்ட வேண்டும். ஃபேன்தான் நம் ஊரில் பெரிய பிரச்சினை. மே மாதத்தில் ஃபேனை நிறுத்தவும் முடியாது, ஓடவிட்டால் சரக்குக் கார்டெல்லாம் பறக்கும். ஒரு தடவை கோதுமைக் கட்டு மொத்தமும் பறந்து ஒருத்தர் கையில் இருந்த கார்டோடு கலந்துவிட்டது, யாருடையது எத்தனை என்று கால் மணி நேரம் வாதாடினோம். அதற்கப்புறம் பாட்டி வீட்டிலிருந்து மரத்தால் செய்த பழைய அஞ்சறைப் பெட்டியை எடுத்து வந்தேன். ஐந்து சரக்குக்கு ஐந்து அறை, அளவெடுத்துச் செய்ததுபோல. எங்கள் ஆட்டுக் கார்டுகளில் இன்னும் லேசாகச் சீரக வாசனை அடிக்கும்.

சாப்பாடு ஒன்பதே காலுக்கு ஒரு இடைவேளை விட்டு, மேசையை விட்டுத் தள்ளி. பஜ்ஜியும் மிக்சரும் கார்டைக் கெடுக்கும், சுண்டலும் ஸ்பூனும் போதும்.

பகடை உருட்டும் முன்பே பேச வேண்டியவை

இதைத் தவிர்த்தால் மற்ற எதைச் சரியாகச் செய்தாலும் பிரயோஜனமில்லை. நடு ஆட்டத்தில் ஒரு விதியைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த நேரத்தில் யாருக்கு எது லாபமோ அதைத்தான் அவர் நியாயம் என்று நினைப்பார். அவர் மேல் தப்பில்லை, எல்லாருக்கும் அப்படித்தான். யாருக்கும் எந்த லாபமும் இல்லாத நேரம் ஆட்டம் தொடங்கும் முன்பு மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும், பழைய ஆட்களே வந்தாலும், வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். கட்டிய பிறகு மறுபடி பேரம் பேசலாமா? பேசலாம், முறை முடியும் வரை எந்த வரிசையிலும். வைத்த ரோட்டைத் திரும்ப எடுக்கலாமா? அடுத்தவர் கையில் பகடை போகும் வரை எடுக்கலாம், போய்விட்டால் வைத்தது வைத்ததுதான். வர வேண்டிய சரக்கை எடுக்க மறந்தால்? அடுத்த உருட்டலுக்கு முன்பு ஞாபகம் வந்தால் உண்டு. கையில் எத்தனை கார்டு என்று யாராவது கேட்டால் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும், என்ன கார்டு என்று சொல்ல வேண்டியதில்லை. முறை யாருடையதோ அவரோடு மட்டும்தான் வியாபாரம், மற்ற இருவர் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள முடியாது, சும்மா தூக்கிக் கொடுக்கவும் முடியாது. இந்தக் கடைசி இரண்டும் ஆட்டத்தின் சொந்த விதி, ஆனால் ரொம்பப் பேருக்குத் தெரியாது. 'அடுத்த முறை தர்றேன்' என்ற வாக்குக்கு எங்கள் மேசையில் மதிப்பில்லை. காப்பாற்றினால் நல்லது, காப்பாற்றாவிட்டால் கோபப்படக் கூடாது. இதை முன்னாடியே சொல்லாமல் விட்ட ஒரு ராத்திரியில் ஒரு செங்கலுக்காக இரண்டு நண்பர்கள் மூன்று வாரம் பேசவில்லை.

அப்புறம், கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. கணவன் மனைவியோ, அண்ணன் தம்பியோ ஒரே மேசையில் இருந்தால், மேசைக்கு வந்தபின் உறவு கிடையாது. தனக்கு ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்தபின் வேண்டியவருக்குச் சரக்கை அள்ளிக் கொடுத்து ஜெயிக்க வைப்பது மற்ற இருவரின் இரண்டு மணி நேர உழைப்பைத் தூக்கிப் போடுவதற்குச் சமம். நாலாவது இடத்தில் இருப்பவர் மூன்றாவது இடத்துக்கு ஆடட்டும், 5 பாயிண்டை 6 ஆக்கப் பார்க்கட்டும். நாங்கள் ஒவ்வொருவர் பாயிண்டையும் நோட்டில் எழுதி வருஷக் கடைசியில் கூட்டுவதே இதற்காகத்தான். தோற்கும் ஆட்டத்திலும் ஒரு பாயிண்டுக்கு அர்த்தம் இருக்கும்.

புதிதாக ஒருத்தர் வந்தால்

விதிப் புத்தகத்தைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். பத்து நிமிஷத்தில் வாயால் சொல்லுங்கள், சொல்லும் வரிசைதான் முக்கியம். முதலில் 10 பாயிண்ட் என்ற இலக்கு. பிறகு விலை: ரோட்டுக்கு ஒரு மரமும் ஒரு செங்கலும், வீட்டுக்கு மரம், செங்கல், ஆடு, கோதுமை ஒவ்வொன்று, சிட்டிக்கு 3 தாது, 2 கோதுமை, டெவலப்மென்ட் கார்டுக்கு (கவிழ்த்து வைத்த கட்டிலிருந்து எடுக்கும் சிறப்புக் கார்டு) ஆடு, கோதுமை, தாது ஒவ்வொன்று. வீடு 1 பாயிண்ட், சிட்டி 2. அறுபடாத நீள ரோடு 5 தொட்டு, மற்றவர்களைவிட நீளமாகவும் இருந்தால் 2 பாயிண்ட்; டெவலப்மென்ட் கார்டில் வரும் நைட் (குதிரை வீரன்) கார்டு 3 இறக்கி அதில் முன்னணியில் இருந்தால் 2 பாயிண்ட். ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவே ஒரு முனையாவது காலியாக இருக்க வேண்டும். இவ்வளவு போதும், மீதி ஆடும்போது வரும். முதல் ஆட்டத்துக்கு விதிப் புத்தகத்திலேயே தொடக்கக்காரர்களுக்கான அமைப்பு ஒன்று படமாக இருக்கிறது, வீடுகூட எங்கே என்று போட்டிருக்கும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ரவுண்டு எவ்வளவு வேண்டுமானாலும் உதவுங்கள், அதற்குப் பிறகு அவர் கேட்காமல் யாரும் யோசனை சொல்லக் கூடாது. தப்பாக வைத்தாலும் அவர் வைத்ததாக இருக்கட்டும்.

முதல் இரண்டு வீடு

ஜெயிப்பதைப் பற்றிப் பேசுவோம். பாதி ஆட்டம் பகடை உருட்டும் முன்பே முடிந்துவிடுகிறது, இரண்டு வீட்டை எங்கே வைக்கிறோம் என்பதில். எண் வில்லைகளில் எண்ணுக்குக் கீழே சின்னச் சின்னப் பொட்டுகள் இருக்கும், பல பேர் அதைக் கவனிப்பதே இல்லை. இரண்டு பகடைக்கு மொத்தம் 36 விதமாக விழ வாய்ப்பு. அதில் அந்த எண் எத்தனை விதமாக வரும் என்பதுதான் பொட்டு. 6க்கும் 8க்கும் 5 பொட்டு, 5க்கும் 9க்கும் 4, 4க்கும் 10க்கும் 3, 3க்கும் 11க்கும் 2, 2க்கும் 12க்கும் ஒன்றே ஒன்று. வீடு வைக்கும் முனையைத் தொடும் மூன்று துண்டின் பொட்டையும் கூட்டிப் பாருங்கள். 10க்கு மேல் இருந்தால் நல்ல இடம், 12, 13 வந்தால் யோசிக்காமல் பிடிக்கலாம் என்று நினைப்பீர்கள். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

போன மாத ஆட்டத்தையே சொல்கிறேன். நான் மூன்றாவது. என் முன்னால் இரண்டு முனை. ஒன்றில் 8 மரம், 5 ஆடு, 10 ஆடு, மொத்தம் 12 பொட்டு. இன்னொன்றில் 9 கோதுமை, 4 தாது, 5 செங்கல், மொத்தம் 11. பக்கத்தில் இருந்தவர் '8 இருக்கு, அதை விடுறியே' என்றார். நான் 11ஐத்தான் எடுத்தேன். விலைப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள்: வீடு, சிட்டி, கார்டு மூன்றுக்கும் கோதுமை வேண்டும், ரோட்டுக்கு மட்டும் வேண்டாம். மரம், ஆடு, கோதுமை நிலங்கள் நாலு நாலு இருக்கின்றன, செங்கலும் தாதுவும் மூன்று மூன்றுதான். அரிதான இரண்டும் கோதுமையும் ஒரே முனையில் கிடைக்கும்போது ஒரு பொட்டு குறைந்தால் குறையட்டும். அடுத்து நாலாவது ஆள் தன் இரண்டு வீட்டையும் ஒரே நேரத்தில் வைத்துவிடுவார், ஏனென்றால் வரிசை 1, 2, 3, 4 என்று போய் 4, 3, 2, 1 என்று திரும்பும். அவர் வைத்த பின் எனக்கு மிஞ்சியது 6 ஆடு, 10 மரம், 11 செங்கல். பொட்டு 10தான், ஆனால் ஐந்து சரக்கும் கைக்கு வந்துவிட்டது, எதற்கும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. இரண்டாவதாக வைக்கும் வீட்டுக்குத்தான் தொடக்கச் சரக்கு கிடைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்: ஒரு ஆடு, ஒரு மரம், ஒரு செங்கலோடு ஆரம்பித்தேன், முதல் முறையிலேயே ரோடு போட்டேன்.

ஐந்தும் கிடைக்காவிட்டால் ஒரு வழியைத் தீர்மானமாகப் பிடியுங்கள். மரமும் செங்கலும் அதிகம் வந்தால் ரோட்டை நீட்டி இடத்தை அடையுங்கள், ஆனால் கடைசியில் கோதுமைக்கு அலைவீர்கள், துறைமுகத்தை இப்போதே குறிவையுங்கள். தாதுவும் கோதுமையும் ஆடும் வந்தால் சிட்டியும் கார்டும். மூன்று சிட்டி, இரண்டு வீடு, நைட் கார்டின் 2 பாயிண்ட், மொத்தம் 10. பார்க்க மெதுவாக இருக்கும், யாரும் உங்களைப் பெரிதாக நினைக்க மாட்டார்கள், எட்டாவது ரவுண்டில் திடீரென்று முன்னால் இருப்பீர்கள். எனக்குப் பிடித்தது இதுதான்.

பேரம்

வங்கியில் ஒரே சரக்கு நாலு கொடுத்தால் ஒன்று, சாதாரணத் துறைமுகத்தில் மூன்றுக்கு ஒன்று, அந்தந்தச் சரக்கின் துறைமுகத்தில் இரண்டுக்கு ஒன்று. ஆகவே நண்பரிடம் இரண்டுக்கு ஒன்று கேட்டாலும் அது லாபம்தான். ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும்வரை காத்திருந்து முறையை வீணடிக்கிறவர்கள் நிறைய. கேட்கும்போது 'யாராச்சும் கோதுமை வெச்சிருக்கீங்களா' என்று பொதுவாகக் கேட்காதீர்கள், மூன்று பேரும் உஷாராகிவிடுவார்கள். யார் சமீபத்தில் கோதுமை எடுத்தார் என்று பார்த்துவைத்து, அவருக்கு எது இல்லை என்றும் பார்த்து, 'உனக்கு ரோட்டுக்குச் செங்கல் வேணும்ல, ஒரு கோதுமை கொடு' என்று அவரிடமே கேளுங்கள்.

கொடுக்கும்போது ஒரே கேள்விதான்: இதை வாங்கி இந்த முறையே அவர் என்ன கட்டுவார்? ஒருமுறை என் அத்தை மகன் 8 பாயிண்டில் இருந்தான். 'மச்சான், ஒரே ஒரு கோதுமை, ரெண்டு செங்கல் தர்றேன்' என்றான். நான் தரவில்லை. எனக்கு எதிரே இருந்தவருக்கு ரோட்டுக்குச் செங்கல் அவசரம், இரண்டுக்கு ஒன்று என்றதும் கொடுத்துவிட்டார். அந்த ஒரு கோதுமைதான் சிட்டிக்குக் குறைந்தது. 9 ஆனது, அடுத்த சுற்றில் வீடு கட்டி 10. இரண்டு செங்கல் வாங்கியவருக்கு நடுவில் ஒரே ஒரு முறைதான் கிடைத்தது, அது எதற்கும் போதவில்லை. அதிலிருந்து 8 தொட்டவரோடு வியாபாரம் செய்வதற்கு முன் மேசையைச் சுற்றி ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம். அப்படி ஒதுக்குவது ஆட்டத்தில் நியாயமானதுதான், முன்னணியில் இருப்பவருக்குக் கிடைக்கும் மரியாதை அது. புதியவர்களுக்கு மட்டும் இதை முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் தன்னை ஆளாளுக்கு வெறுக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்கள்.

ஏழும் திருடனும்

7 விழுந்தால் யாருக்கும் சரக்கு இல்லை; கையில் 7க்கு மேல் கார்டு வைத்திருப்பவர் பாதியைப் போட வேண்டும், 9 இருந்தால் 4 போகும். உருட்டியவர் திருடன் பொம்மையை (அது நிற்கும் துண்டில் சரக்கு கிடைக்காது) வேறு துண்டுக்கு நகர்த்தி, அங்கே வீடு வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து பார்க்காமல் ஒரு கார்டை உருவிக்கொள்வார். 'ஏழெல்லாம் இப்ப வராது' என்று பத்துக் கார்டைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களுக்கு ஒரு கணக்கு: உங்கள் முறை முடிந்து, மறுபடி நீங்கள் உருட்டிக் கட்டுவதற்குள் நாலு உருட்டல் நடக்கிறது, அதில் ஒரு 7ஆவது வர வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் மேலே. காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட மோசம். வேண்டாத சரக்கானாலும் வங்கியில் மாற்றிவிட்டு ஏழுக்குள் வந்துவிடுங்கள்.

திருடனை எங்கே வைப்பது என்பதில்தான் அதிகமாக மனஸ்தாபம் வருகிறது. முன்னணியில் இருப்பவரின் நல்ல எண் மேல் வையுங்கள், ஏன் வைக்கிறீர்கள் என்று பாயிண்டைச் சொல்லியே வையுங்கள். 'நீ 7, அதனால உன் 6ல வைக்கிறேன்' என்றால் யாருக்கும் கோபம் வராது. எங்களுக்கென்று ஒரு வீட்டு விதி உண்டு: இன்னும் இரண்டே பாயிண்டில் இருப்பவரின் நிலத்தில் திருடனை வைக்கக் கூடாது. ஆரம்பத்திலேயே அடிபட்டவர் அப்புறம் எழுந்திருக்கவே முடியாமல் போனதை மூன்று நாலு முறை பார்த்தபின் கொண்டுவந்தது இது. ஆட்டத்தின் காரம் கொஞ்சமும் குறையவில்லை.

முடிக்கும்போது

யோசிக்கிறேன் என்று ஒருத்தர் ஐந்து நிமிஷம் எடுத்தால் மற்ற மூன்று பேர் கையும் போனுக்குப் போகும். கடிகாரம் வைக்க எனக்கு இஷ்டமில்லை. அதற்குப் பதில், அடுத்தவர் ஆடும்போதே உங்கள் திட்டத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வேன், பழக இரண்டு மாதம் ஆனது, இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது. 10 பாயிண்டைத் தன் முறையில்தான் அறிவிக்க முடியும் என்பதையும், 25 டெவலப்மென்ட் கார்டில் 5 நேரடியாகப் பாயிண்ட் கார்டு என்பதையும் மறக்காதீர்கள். ஒருத்தர் ஒரு கார்டை வாங்கி நாலு ரவுண்டாகக் கவிழ்த்தே வைத்திருந்தால் வெளியே தெரியும் பாயிண்டோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஜெயித்ததும் உடனே கலைக்க விடாதீர்கள். தீவு அப்படியே இருக்கட்டும், ஒரு ஐந்து நிமிஷம் 'அந்த 9ஐ நான் பிடிச்சிருந்தா', 'அந்தக் கோதுமையை நீ கொடுக்காம இருந்திருந்தா' என்று பேசட்டும். எங்கள் கூட்டத்தில் சிலர் வருவதே இந்தப் பேச்சுக்காகத்தான். நோட்டில் தேதி, நாலு பேர் பாயிண்ட், யார் முதலில் ஆரம்பித்தார், மூன்றும் எழுதுங்கள். அப்புறம் எண்ணி எடுத்து வையுங்கள்: சரக்குக் கார்டு 95, ஒவ்வொன்றிலும் 19, ஒரு நிறத்துக்கு 15 ரோடு, 5 வீடு, 4 சிட்டி. எங்கள் பெட்டியில் ஒரு தாதுக் கார்டு ஏழு மாதம் காணாமல் போய், ஒரு நண்பரின் சட்டைப் பையில் துவைத்துக் காய்ந்து சுருண்டு கிடைத்தது. இப்போதெல்லாம் 95 எண்ணி முடித்த பிறகுதான் கதவைத் திறக்கிறேன்.